கயலுக்கு உரியவர் யார்? அன்றாடப் பொருள்களின் உருவங்களும் வணிகக் குறி உரிமையும்: காயல் கடற்கரையை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

பழம், மீன், பசு, குடம் போன்ற அன்றாடப் பொருள்களின் உருவங்களை வணிகக் குறியாகப் பதிந்து, அவற்றைப் பிறர் பயன்படுத்துவதைத் தடுக்க முனையும் போக்கு பெருநிறுவனங்களிடையே வளர்ந்து வருகின்றது. இப்போக்கினைத் தமிழ்ப் பொருளிலக்கணம், நிகண்டு மரபு, இடைக்கால வணிகக் குழுச் சின்னங்கள் ஆகியவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகின்றது. 1972ஆம் ஆண்டின் பார்லே வழக்குத் தீர்ப்பும், சுவிட்சர்லாந்தில் ஆப்பிள் நிறுவனம் முன்வைத்த விண்ணப்பமும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. குறி என்பது உரியவரைச் சுட்டுவதேயன்றிப் பொருளை உரிமையாக்குவதன்று என்பதும், வாங்குநரின் மயக்கம் என்னும் அளவுகோலை விட்டு விலகும்போது சட்டம் தன் அடிப்படையை இழக்கின்றது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: வணிகக் குறி, கயல், கருப்பொருள், திணைமயக்கம், நிகண்டு, சித்திரமேழி, புவிசார் குறியீடு, காயல்பட்டினம்.

முன்னுரை

தாமிரபரணி கடலோடு கலக்கும் பகுதியில் பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் என மூன்று ஊர்கள் ஒரே பெயர்ச்சொல்லைப் பகிர்ந்து நிற்கின்றன. காயல் என்பது கடலையொட்டிய கழிநீர்ப் பரப்பைக் குறிக்கும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறித்த காயல் துறைமுகம் இவற்றுள் எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கால்டுவெல் பழையகாயலைச் சுட்டினார். காயல்பட்டினத்தை முன்வைப்போரும் உளர். இவ்வழக்கு நெடிது நடந்தும், எந்த ஊரும் தன் பெயரை இழக்கவில்லை. ஒரு பெயரை மூன்று ஊர்கள் தாங்குவதால் எவ்வூர்க்கும் குறை நேரவில்லை.

இதே கடற்கரையில் கொற்கையை முத்துத்துறையாகக் கொண்ட பாண்டியர், கயலைத் தம் கொடியிலும் காசிலும் பொறித்தனர். காயல் நீர்ப்பரப்பு, கயல் மீன். முதலெழுத்தின் மாத்திரை ஒன்றே இரண்டையும் வேறுபடுத்துகின்றது. ஆங்கில எழுத்தில் எழுதினாலோ இரண்டும் ஒரே வடிவம் பெறும். அவ்வடிவத்தையும் ஒரு மீன் உருவத்தையும் சேர்த்து ஒரு பெருநிறுவனம் பதிவு செய்து, பிறர் எவரும் பயன்படுத்தலாகாது என்று கூறுமாயின் என்ன நிகழும்? இவ்வினா கற்பனையானது, ஆயினும் இதனையொத்த கோரிக்கைகள் உலகின் பிற இடங்களில் எழுந்துள்ளன. அவற்றை மதிப்பிடுதற்குரிய அளவுகோல்கள் தமிழ் மரபினுள்ளேயே உள்ளன என்பதைக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குறியின் பணி பிரித்தறிவித்தல்

டிரேட்மார்க் எனப் பரவலாக வழங்கும் வணிகக் குறியின் அடிப்படைப் பணி, ஒருவர் சரக்கினை மற்றவர் சரக்கினின்று வேறுபடுத்திக் காட்டுவதாகும். இந்திய வணிகக் குறிகள் சட்டம் 1999 தரும் வரையறையும் இதனையே மையமாகக் கொண்டுள்ளது. பிரித்தறிவிக்கும் இப்பணி தமிழ் மரபுக்குப் புதியதன்று. போர்க்களத்தில் இன்னார் படை இது என்று அறிதற்பொருட்டுச் சேரர் பனம்பூவையும், பாண்டியர் வேப்பம்பூவையும், சோழர் ஆத்திப்பூவையும் சூடிய வழக்கினைத் தொல்காப்பியப் புறத்திணையியல் குறிக்கின்றது. பூ அங்கே படையின் அடையாளமாயிற்று. பூவின் உடைமை மாறவில்லை. வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளமான பின்னும் எல்லார் முற்றத்திலும் நிழல் தந்தது.

கயலின் நிலையும் அத்தகையதே. சிலப்பதிகாரப் புகார்க் காண்டத்தின் கானல்வரியில், ஒரு பெண்ணின் முகத்தில் கயலும் வில்லும் எழுதப்பட்டிருப்பதாகத் தலைவன் கூறும் பகுதி உண்டு. கயல் கண்ணையும் வில் புருவத்தையும் குறிப்பன. கயல் பாண்டியர் சின்னம். வில் சேரர் சின்னம். பாடல் நிகழும் இடமோ சோழர் துறைமுகம். மூவேந்தருள் இருவரின் சின்னங்கள் மூன்றாமவர் கடற்கரையில் ஒரு பெண்ணின் அழகாகத் தடையின்றி மாறுகின்றன. கொடியில் ஏறியதால் உருவம் கவிஞரின் கையினின்று நீங்கவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

வணிகத் துறையிலும் இத்தன்மையைக் காணலாம். ஐந்நூற்றுவர் முதலிய இடைக்கால வணிகக் குழுக்களின் கல்வெட்டுகள் பலவற்றின் தலைப்பகுதியில் குத்துவிளக்கு, குடை, கத்தி, அரிவாள் போன்ற அன்றாடக் கருவிகள் செதுக்கப்பட்டுள்ளன. உழவர் பேரவையாகிய சித்திரமேழிப் பெரியநாட்டார் மேழியைத் தம் சின்னமாகக் கொண்டனர். இச்சின்னங்கள் தொழிலின் கருவியையே தொழிலரின் முகமாக்கின. மேழியைச் சின்னமாக்கியோர் மேழி பிடித்தோரே ஆவர். பொருளுக்கும் அதன் உருவத்தை உரிமை கொண்டாடுவோர்க்கும் இடையே அங்கே இடைவெளி இல்லை. இக்காலச் சிக்கல் அவ்விடைவெளியிலேயே தோன்றுகின்றது.

பிஸ்கட் உறையும் வாங்குநரின் கண்ணும்

இந்திய நீதிமன்றங்கள் அன்றாட வாழ்வின் காட்சி ஒன்றை வணிகக் குறியாக ஆராய்ந்த வழக்குகளுள் பார்லே புராடக்ட்ஸ் நிறுவனத்துக்கும் மைசூர் ஜே. பி. அண்டு கம்பெனிக்கும் இடையே நடந்தது முதன்மையானது. பார்லே நிறுவனத்தின் குளுக்கோ பிஸ்கட் உறையில் ஒரு பண்ணை முற்றம் வரையப்பட்டிருந்தது. நடுவே நீர்வாளி ஏந்திய சிறுமி. சுற்றிலும் பசுக்களும் கோழிகளும். பின்னணியில் வீடும் மரங்களும். எதிர்த்தரப்பின் குளுக்கோஸ் பிஸ்கட் உறையில் தலையில் வைக்கோற்கட்டைத் தாங்கி, கையில் அரிவாள் கொண்ட பெண்ணும் பசுவும் கோழியும் பண்ணை வீடும் இருந்தன. விசாரணை நீதிமன்றமும் மைசூர் உயர்நீதிமன்றமும் பார்லேயின் கோரிக்கையை ஏற்கவில்லை. 1972இல் உச்ச நீதிமன்றம் அம்முடிவை மாற்றியது. உறைகளை அருகருகே வைத்து வேறுபாடுகளை எண்ணுவது முறையன்று; அளவு, நிறம், எழுத்தமைப்பு, காட்சி ஆகியவை சேர்ந்து தரும் ஒட்டுமொத்தத் தோற்றமே கருதத்தக்கது என்பது அத்தீர்ப்பின் சாரம். பொதுவாக ஒரு பொருளை வாங்குபவர் ஷெர்லாக் ஹோம்ஸைப் போன்ற நுண்ணோக்கு உடையவர் அல்லர் என்றும் நீதிமன்றம் குறிப்பிட்டது.

இத்தீர்ப்பினைப் பெருநிறுவனத்தின் வெற்றி என்று மட்டும் படிப்பது பொருந்தாது. எழுத்தறியாத வாங்குநர் பலர் படத்தைச் சொல்லியே சரக்கினைக் கேட்ட காலம் அது. யானை மார்க், கிளி மார்க் என்ற வழக்குகள் கடைத்தெருப் பேச்சில் இன்றும் எஞ்சியுள்ளன. அத்தகைய வாங்குநருக்குப் படமே எழுத்து. அவ்வெழுத்தைத் திரித்து அவரை ஏமாற்றுவதைத் தடுப்பது நீதியே. மேலும், நீதிமன்றம் பசுவையோ கோழியையோ பார்லேக்கு உரிமையாக்கவில்லை. பல கூறுகள் ஒரு நிறத்தில், ஓர் அடுக்கில், ஒரு பெயருடன் இணைந்த முழுமையையே காத்தது. அளவுகோலாக நின்றவர் வாங்குநர்; காக்கப்பட்டது அவர் நம்பிக்கை.

ஆயினும் இத்தீர்ப்பில் ஓர் ஐயத்துக்கும் இடமுண்டு. நீர் சுமக்கும் பெண்ணும் வைக்கோல் சுமக்கும் பெண்ணும் நகரத்து நோக்கில் ஒரே கிராமியக் காட்சியின் இரு வடிவங்களாகத் தோன்றலாம். கருப்பொருள் நோக்கில் அவர்தம் செய்தி, அதாவது தொழில், வேறு; பொழுதும் வேறு. நீர் முகத்தல் அன்றாடம் நிகழ்வது. வைக்கோல் சுமத்தல் அறுவடைக்குப் பின் நிகழ்வது. பண்ணையை அறிந்த வாங்குநர் இவ்வேறுபாட்டைக் காண்பதற்கு ஷெர்லாக் ஹோம்ஸ் ஆக வேண்டியதில்லை. சராசரி வாங்குநர் என்னும் கருத்தாக்கம் யாருடைய கண்ணைச் சராசரியாகக் கொள்கின்றது என்பது இங்கே எழும் திறனாய்வு வினாவாகும்.

இதே வினா மூக்குப்பொடி வழக்கொன்றிலும் எழுகின்றது. சென்னை ஸ்ரீ அம்பாள் நிறுவனத்தின் பதிவுக்கு ஸ்ரீ ஆண்டாள் என்ற பெயர் முரண்படுவதாக 1969இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. இரு சீட்டுகளிலும் இருந்த படங்கள் வெவ்வேறு. தீர்ப்பு ஒலியொற்றுமையை அடிப்படையாகக் கொண்டது. ஆனால் தமிழில் ஒன்று அகரத்தில் தொடங்குகின்றது. மற்றது ஆகாரத்தில் தொடங்குகின்றது. திருவில்லிபுத்தூரை அறிந்தவர்க்கு ஆண்டாள் வேறு, அம்பாள் வேறு. காயலையும் கயலையும் பிரிக்கும் அதே மாத்திரை வேறுபாடே இங்கும் உள்ளது. இரு மொழியினரும் பல சமயத்தினரும் கலந்து வாழும் சந்தைக்குப் பொதுவான செவியைத் தேடும்போது, ஒரு மொழியின் நுண்மை கழிக்கப்பட்டுவிடுகின்றது.

கடித்த ஆப்பிளும் கடிக்காத ஆப்பிளும்

முழுமையைக் காப்பதிலிருந்து பொருளையே கோருவதற்கு நகர்ந்த நிலைக்குச் சுவிட்சர்லாந்து வழக்கு சான்றாகின்றது. ஆப்பிள் நிறுவனத்தின் புகழ்பெற்ற சின்னம் ஒருபுறம் கடிக்கப்பட்ட ஆப்பிள் ஆகும். 2017இல் அந்நிறுவனம் அந்நாட்டு அறிவுசார் சொத்து அலுவலகத்தில் வேறொரு படத்தைப் பதிய விண்ணப்பித்தது. அது கிரானி ஸ்மித் வகை ஆப்பிளின் கருப்பு வெள்ளைப் படம். கடிக்கப்படாத, இயல்பான பழம். 2022இல் அலுவலகம் சில சரக்கு வகைகளுக்கு மட்டும் பதிவு வழங்கியது. பொதுவான பொருள்களின் உருவங்கள் பொது உடைமையின் பாற்பட்டவை என்னும் கருத்தில் மற்றவற்றை மறுத்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. சிவப்பு ஆப்பிளின்மீது வெள்ளைச் சிலுவையைச் சின்னமாகக் கொண்ட, நூற்றாண்டு கடந்த சுவிஸ் பழ விவசாயிகள் சங்கம் 2023இல் தன் கவலையை வெளிப்படையாகத் தெரிவித்தது. ஆப்பிள் விளைவிப்போர் ஆப்பிளை வரைய இயலாத நிலை வருமோ என்பதே அக்கவலை.

கடித்த ஆப்பிள் ஒரு வடிவாக்கம். கடியின் வளைவு அதனை இயற்கைப் பழத்தினின்று பிரித்துக் குறியாக்குகின்றது. கடிக்காத ஆப்பிளோ பழமேயாகும். முன்னது மேழியைச் சின்னமாகச் செதுக்குவது போன்றது. பின்னது மேழியையே கைப்பற்றுவது போன்றது. இவ்வேறுபாட்டை மறைக்கும் கோரிக்கையே திறனாய்வுக்கு உரியது.

2020இல் அமெரிக்காவில் சமையற்குறிப்புச் செயலி ஒன்றின் பேரிக்காய்ச் சின்னத்தையும் அதே நிறுவனம் எதிர்த்தது. பிரிப்பியர் என்னும் அச்செயலியின் உரிமையாளர்கள் சிறு தொழில்முனைவோர். பேரிக்காயை ஆப்பிள் என மயங்குவார் எவரும் இலர். ஆயினும் 2021இல் இலையின் வடிவம் சிறிது மாற்றப்பட்டு வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. பெரியவர் சிறியவருக்கு எதிராக வழக்கு நடத்துவதே ஒரு விலையாகும் என்பதை அவ்விலையின் திருத்தம் உணர்த்துகின்றது.

இக்கோரிக்கைகளின் பின்னே ஒரு கோட்பாட்டு மாற்றம் உள்ளது. பார்லே வழக்கு வாங்குநர் மயங்குவாரா என்று வினவியது. இந்தியாவின் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29(4) பிரிவோ, புகழ்பெற்ற குறியைத் தொடர்பில்லாத சரக்குகளுக்குப் பயன்படுத்தினாலும், தக்க காரணமின்றி அக்குறியின் தனித்தன்மைக்கோ புகழுக்கோ ஊறு நேருமாயின் அது மீறல் என்கின்றது. இங்கே வாங்குநரின் மயக்கம் வேண்டப்படுவதில்லை. குறியின் புகழே காக்கப்படும் பொருளாகின்றது. தொல்காப்பிய மரபில் ஒரு நிலத்துக்குரிய பூவும் புள்ளும் வேறு நிலத்தில் வருதல் இயல்பெனக் கொள்ளப்படும். அதனை உரையாளர் திணைமயக்கத்தின்பாற் படுத்துவர். முல்லைப்பூ மருதத்துள் வந்ததால் முல்லை தேய்ந்துவிட்டது என்று எவரும் கருதுவதில்லை. புகழ்க்காப்புக் கோட்பாடு இத்தகைய இடம்பெயர்வையே குற்றமாக நோக்குகின்றது.

நிகண்டும் வியன்னா வகைப்பாடும்

உருவங்களைப் பதிவேட்டில் தேடுதற்கென 1973ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை ஒரு வகைப்பாட்டை நிறுவியது. வானியல் பொருள்கள், மனிதர், விலங்குகள், தாவரங்கள், வீட்டுக் கலங்கள், ஊர்திகள் என அது 29 வகைகளாக விரிகின்றது. இந்தியா 2019இல் இவ்வுடன்படிக்கையில் இணைந்தது. தமிழ் வாசகருக்கு இவ்வமைப்பு அறிமுகமானதாகவே தோன்றும். திவாகர நிகண்டு தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர் என்றவாறு 12 தொகுதிகளாக அமைந்தது. மனிதர் ஆக்கிய பொருள்களுக்குச் செயற்கை வடிவப் பெயர்த்தொகுதி என்றொரு பகுதியும் அதில் உண்டு.

உலகப் பொருள்களை வகைப்படுத்தும் இவ்விரு முயற்சிகளும் புறத்தே ஒத்திருப்பினும் நோக்கத்தால் வேறுபடுகின்றன. நிகண்டு புலவர்க்குச் சொல்வளம் தருவது. ஒரு பொருளுக்குரிய பெயர்கள் அனைத்தையும் கற்போர் அனைவருக்கும் வழங்குவது. வியன்னா வகைப்பாடு ஓர் உருவத்தை ஏற்கனவே கோரியவர் யார் என்று தேடுதற்கு உதவுவது. முன்னது திறந்து வைக்கும் பட்டியல். பின்னது முன்னுரிமையைக் காட்டும் பட்டியல். திவாகரத்தின் பதினோராம் தொகுதி ஒருசொல் பல்பொருளைக் கூறுவது. மீன் என்னும் சொல்லே நீர்வாழ் உயிரையும் விண்மீனையும் குறிக்கும். உருவமும் அத்தகையதே. மீன் உருவம் பாண்டியர்க்குக் கொடி, பரதவர்க்குத் தொழில், சோதிடர்க்கு இராசி, உணவகத்தார்க்கு அழைப்பு. அன்றாடப் பொருளின்மீது முழுவுரிமை கோருதல் என்பது, பல்பொருள் ஒரு சொல்லை ஒருபொருள் ஒரு சொல்லாகச் சுருக்கும் முயற்சியாகும். மொழி நூலார் இதனைப் பொருட்குறுக்கம் என்பர். இங்கே அக்குறுக்கம் பயன்பாட்டால் நிகழாமல் பதிவால் நிகழ்கின்றது.

சட்டத்தின் வாயில்களும் அவற்றின் விலையும்

இந்தியச் சட்டம் பொதுமையைக் காக்கும் வாயில்களை அறவே அடைத்துவிடவில்லை. சரக்கின் வகை, தன்மை, பிறப்பிடம் ஆகியவற்றை மட்டும் சுட்டும் குறிகளைப் பதிய 9ஆம் பிரிவு தடை விதிக்கின்றது. ஒரு குறியில் அடங்கிய, வணிகத்தில் பொதுவாக வழங்கும் கூறுகளின்மீது தனியுரிமை இல்லை என்று 17ஆம் பிரிவு கூறுகின்றது. அடிப்படையற்ற வழக்கு மிரட்டலுக்கு எதிராக நீதிமன்றத்தை நாட 142ஆம் பிரிவு வழி செய்கின்றது. காயல்பட்டினத்துக் கருவாட்டு வணிகர் ஒருவர் தம் உறையில் மீன் உருவம் அச்சிடுகிறார் எனக் கொள்க. அவ்வுருவம் அவர் சரக்கின் பெயரே ஆதலின், கொள்கையளவில் அவர் பாதுகாப்பாகவே உள்ளார்.

நடைமுறை வேறு. ஒரு பதிவை எதிர்க்க விரும்புவோர், வணிகக் குறிகள் இதழில் விளம்பரம் வெளியான 4 மாதங்களுக்குள் எதிர்ப்பு மனு அளித்தல் வேண்டும். 2017ஆம் ஆண்டு விதிகளின்படி இணையவழி எதிர்ப்புக்கு 2,700 ரூபாய் கட்டணம். தொகை சிறிதே, ஆனால் ஆங்கிலத்தில் வாரந்தோறும் வெளியாகும் அவ்விதழைக் கருவாட்டு வணிகர் படித்துவர வேண்டும் என்று எதிர்பார்ப்பதே பெருஞ்செலவு. மறுபுறம், 1,00,000 ரூபாய் கட்டணத்துடன் தம் குறியை நன்கறியப்பட்ட குறியாக அறிவிக்கக் கோரும் வாய்ப்பும் அதே விதிகளில் உண்டு. மேலும், வாதி தாம் தொழில் நடத்தும் இடத்திலேயே வழக்குத் தொடர 134ஆம் பிரிவு இடமளிக்கின்றது. வழக்குக்குரிய நிகழ்வு நடந்த ஊரில் வாதிக்குக் கிளை இருப்பின் அங்கேயே தொடர வேண்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் வரம்பிட்டது. கிளை இல்லாத சிற்றூர்க்கு அவ்வரம்பு துணைசெய்வதில்லை.

பொதுமைக் கோட்பாடு முழுமையாக வாதிடப்பட்டுத் தீர்ப்பாவது பெரும்பாலும் சமவலிமையுடையோர் மோதும்போதே. ஐடிசி நிறுவனத்தின் மேஜிக் மசாலா என்ற பெயருக்கும் நெஸ்லேயின் மேஜிக்கல் மசாலாவுக்கும் இடையே 2013இல் தொடங்கிய வழக்கில், அச்சொற்கள் வணிகத்தில் பொதுவான புகழ்ச்சிச் சொற்கள், எவர்க்கும் தனியுரிமை இல்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. ஏழாண்டுகள் வழக்காட இரு தரப்பாலும் இயன்றது. அவ்வாற்றல் இல்லாத சிறுவணிகர் அறிவிப்புக் கடிதம் வந்த அன்றே உறையை மாற்றிவிடுவர். அவர் பக்கம் நியாயம் இருந்ததா என்பது எத்தீர்ப்பிலும் பதிவாவதில்லை. பொதுவுருவங்கள் இழக்கப்படுவது பெரும்பாலும் இத்தகைய மௌனத்தாலேயே ஆகும்.

மேழியின் வழி

இதற்கு மாற்றான உரிமை வடிவம் ஒன்றும் இந்தியச் சட்டத்தில் உண்டு. காயல்பட்டினத்துக்கு அருகிலுள்ள ஆத்தூர் வெற்றிலையும் உடன்குடிப் பனங்கருப்பட்டியும் 2023இல் புவிசார் குறியீடு பெற்றன. இக்குறியீடு உற்பத்தியாளர் கூட்டமைப்பின் பெயரில் பதியப்படுவது. 1999ஆம் ஆண்டுப் புவிசார் குறியீடுகள் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி அதனை விற்கவோ பிறர்க்கு மாற்றவோ இயலாது. வணிகக் குறி சந்தையில் கைமாறும் சொத்து. புவிசார் குறியீடு மண்ணோடும் தொழிலோடும் பிணைந்தது. சித்திரமேழியின் இயல்பு இங்கே ஓரளவு மீள்கின்றது.

ஆயினும் இதனை முற்றுமுழு விடையாகக் கொள்ளுதல் கூடாது. குறியீட்டைப் பயன்படுத்தத் தனியே பதிந்த பயனாளர்க்கே சட்டப்படி உரிமை உண்டு. தேரிமண்ணில் பனையேறுவோர் அனைவரும் அப்பதிவேட்டில் இடம்பெற்றாலன்றிக் குறியீட்டின் பயன் இடைநிலை வணிகரிடமே தங்கிவிடும். மேலும், இக்குறியீடு ஊர்ப்பெயரைக் காக்குமேயன்றிப் பனையின் உருவத்தையோ வெற்றிலையின் உருவத்தையோ காப்பதன்று. அவ்வுருவங்கள் எவராலும் காக்கப்படாமல், எவராலும் கோரப்படாமல் இருப்பதே அவற்றுக்குரிய நிலை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, குறி என்பது உரியவரைச் சுட்டுவது. பனம்பூவும் கயலும் மேழியும் அப்பணியைச் செய்தபோது பொருள்கள் பொதுவாகவே இருந்தன. இரண்டாவது, வாங்குநரின் மயக்கத்தை அளவுகோலாகக் கொண்ட பார்லே தீர்ப்பின் நெறி ஐயங்களுக்கு இடமளிப்பினும் ஏற்கத்தக்கது. மயக்கம் இல்லாத இடத்திலும் புகழின் பெயரால் அன்றாட உருவத்தைத் தடுக்கும் நெறி அவ்வடிப்படையை விட்டு விலகுகின்றது. அன்றாடப் பொருளின் இயல்பான உருவத்தைப் பொறுத்தவரையேனும் 29(4) பிரிவின் தக்க காரணம் என்னும் தொடரை, அப்பொருளோடு வாழ்வோரின் பயன்பாட்டையும் உள்ளடக்குமாறு விரித்துப் பொருள் கொள்ளுதல் வேண்டும். மூன்றாவது, ஓர் உருவம் எதைக் குறிக்கின்றது என்று தீர்மானிக்கும்போது, அப்பொருளைப் பயன்படுத்துவோரின் கண்ணும் மொழியும் சான்றாகக் கொள்ளப்பட வேண்டும்.

தாமிரபரணிக் கழிமுகத்தில் மூன்று ஊர்கள் ஒரு பெயரைப் பகிர்ந்து வாழ்கின்றன. எந்தக் காயல் என்று கேட்பவர்க்கு முன்னொட்டோ பின்னொட்டோ சேர்த்து விடை கூறப்படுகின்றது. பிரித்தறிவதற்கு அவ்வளவே போதுமானதாக இருந்து வருகின்றது.